உள்ளங்கையில் அறுபது

அந்த ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'உள்ளங்கை'. மேலாளரே காலையில் வந்ததும், "உள்ளங்கை வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். அவருடைய மனைவி மாடியில் சாம்பிள் அறையில் வேலை பார்த்தாள். அவள் ஆலைக்கே அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த கிரேன் டிரைவர்கூட, "அக்கா, சௌக்கியமா?" என்றுதான் விசாரிப்பார். அப்படிக் கூப்பிட உண்மையான உரிமை உள்ளவன் ஒருத்தன்தான். அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் கீழே மூட்டை அறையில் இருந்தான். முப்பத்து நான்கு வயது, ஒல்லிக்குச்சி, ஊதினால் பறந்துவிடுவான். அவனுக்குப் போய் 'மூட்டை' என்று பெயர் வைத்திருந்தார்கள், புண்ணியவான்கள்.

அங்கே என்ன வேலை நடந்தது என்று சொல்லாவிட்டால் அந்த உள்ளங்கையின் பெருமை யாருக்கும் புரியாது. சிவப்பாக மாவுபோல இருக்கும் இரும்புத் தாதுவை மூன்று மாடி உயர உலைக்குள் கொட்டி, அடியிலிருந்து சூடான வாயுவை ஊதுவார்கள். ஹைட்ரஜனும் மீத்தேனும். தூள் பாலைப்போலக் கொதித்துப் புரளும். தாதுவுக்குள் இருக்கும் ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிடுங்கிக்கொண்டு நீராவியாக வெளியேறிவிடும். காலியான இடத்தில் மீத்தேனின் கார்பன் வந்து உட்காரும். பல மணி நேரம் கழித்துக் கீழே இறங்குவது கருஞ்சாம்பல் நிறத் தூள், இரும்புக் கார்பைடு. எஃகு ஆலைக்காரர்கள் அதை வாங்கிப்போய்த் தங்கள் உலையில் போட்டுக்கொள்வார்கள். சமர்த்துப் பிள்ளை அது. மூட்டை கட்டி வெயிலில் போட்டாலும் பேசாமல் கிடக்கும்.

ஆனால் நடுவில் மீத்தேன் குறைந்துபோனால் கதையே வேறு. ஆக்சிஜன் போயிருக்கும், கார்பன் வந்திருக்காது. மிஞ்சுவது வெறும் இரும்புத் தூள். ஆலையில் அதைப் 'பச்சை' என்பார்கள். பச்சைக்குக் காற்று என்றால் அப்படி ஒரு பசி. காற்றுப் பட்டதும் சூடேறும், தாராளமாகப் பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் உலையிலிருந்து வரும் தூளை நைட்ரஜனிலேயே ஆறவைத்து டிரம்மில் அடைப்பார்கள். ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்த பிறகுதான் அது மூட்டை அறைக்குப் போகும். அங்கே டிரம்மைத் திறக்கும்போதும், ஒரு முன்ஜாக்கிரதைக்கு, நைட்ரஜன் வால்வைத் திறந்துவைத்துக்கொள்வார்கள்.

எதை வைத்துப் பார்ப்பார்கள் என்றால், அவருடைய உள்ளங்கையை வைத்துத்தான். கரண்டித் தூளைக் கையில் கொட்டிக்கொண்டு அறுபது வரை எண்ணுவார். கைக்கு ஒன்றும் தெரியாவிட்டால் "குளிர்ச்சி" என்பார், டிரம் போகும். லேசாகச் சூடு ஏறினால்கூட "திருப்பு" என்பார், டிரம் உலைக்கே திரும்பும். பதினான்கு வருடத்தில் ஒரு தடவை தப்பியதில்லை. அக்காவின் கருவி, தூளில் கார்பன் எத்தனை சதவீதம் என்று துல்லியமாகச் சொல்லும். ஆறுக்கு மேல் இருந்தால் நல்ல சரக்கு. ஆனால் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். தலைமை அலுவலகம் ஒரு தடவை வெப்பமானி ஒன்றை வாங்கி அனுப்பியது. அதைத் தூணில் மாட்டினார்கள், மறுவாரம் யாரோ அதன்மேல் தொப்பியை மாட்டினார்கள். அதற்குப் பிறகு அது தொப்பி மாட்டத்தான் உதவியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் பால் பொங்கி வழிந்தது. அவள் பிடிதுணியைத் தேடுவதற்குள் அவர் எட்டிப் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கி மேடையில் வைத்துவிட்டு, பேப்பரில் விட்ட இடத்தைத் தேடப் போனார். "ஐயையோ, கை!" என்று கத்தியது அவள்தான். வலது உள்ளங்கையில் தோல் பட்டையாக வெளுத்து எழும்பியிருந்தது. அவர் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

சர்க்கரை வியாதி வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. மாத்திரை விஷயத்தில் மனுஷன் நினைவு வந்தால் போடுவார், நினைவு வராமல் பார்த்துக்கொள்வார். அவள் புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி எடுத்தாள்.

"கண்ணை மூடுங்க. ஒவ்வொரு விரலாக் குத்துவேன். வலிச்சாச் சொல்லுங்க."

அவர் மூடினார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன, குத்தறேன் குத்தறேன்னுட்டு சும்மா நிக்கறே? சீக்கிரம் குத்து" என்றார். ஐந்து விரலிலும் ஐந்து சிவப்புப் பொட்டு நின்றது.

"எத்தனை நாளா இப்படி?"

"குளிர்ல மரத்துப்போச்சுன்னு நினைச்சேன். தானாச் சரியாயிடும்னு நினைச்சேன்."

"டிரம்முக்கு என்ன பண்றீங்க?"

"இடது கைல பாக்கறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"இடது கையை நீட்டுங்க."

அவர் நீட்டவில்லை.

"நாளைக்கே மேலாளர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள் அவள். "வெளையாட்டு இல்லீங்க இது. அந்த டிரம்மைத் திறக்கறவன் என் தம்பி."

"சொல்லிட்டு? தொப்பி மாட்டற கருவியை எடுத்துத் தொடைச்சு வெச்சுப்பாங்க. என்னைக் கேட்ல ஒரு நாற்காலி போட்டு உக்கார வெப்பாங்க." அவர் குரல் உடைந்தது. "அங்க எனக்கு வேற பேரே கிடையாது. இது போச்சுன்னா என்னை என்னன்னு கூப்பிடுவாங்க, சொல்லு."

கல்யாணமான பதினாறு வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பார்த்ததும் புத்தி மழுங்கிவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது அவர் கேட்டதுகூட இல்லை, யோசனை அவளுடையது. இதை அவள் பிற்பாடு தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டாள்.

டிரம் மேடையிலிருந்து மாடிக்கு ஒரு காற்றுக்குழாய் உண்டு. சின்ன பாட்டிலில் தூளைப் போட்டு வைத்தால் விசுக்கென்று நாலே நொடியில் சாம்பிள் அறைப் பெட்டியில் வந்து விழும். இனிமேல் ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு கரண்டி அவர் கையில், ஒரு கரண்டி பாட்டிலில். அவள் மாடியில் அதைத் தன் உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பாள். சாம்பிள் அறை ஜன்னல் மேடையைப் பார்த்தபடி இருந்தது. குளிர்ச்சியாக இருந்தால் ஜன்னலைத் திறந்தபடி விட்டுவிடுவாள். சூடேறினால் இழுத்து மூடிவிடுவாள். அறுபது எண்ணுவதற்குள் அவர் நிமிர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியது. டாக்டரைப் பார்த்து மருந்து மாற்றும்வரை, ஒரே ஒரு மாதம்.

அவள் அறையில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வேலை நேரத்தில் அவள் எங்கே போகப்போகிறாள்?

முதல் வாரமே மூட்டை கண்டுபிடித்துவிட்டான். முழுதாக இல்லை, பாதி.

"என்ன மாமா, முன்னெல்லாம் கையைப் பாத்து எண்ணுவீங்க. இப்ப மேல அக்காவைப் பாத்து எண்ணறீங்க. பதினாறு வருஷம் கழிச்சா சைட் அடிக்கறது?"

மேடையில் இருந்தவர்கள் எல்லாம் வாய்விட்டுச் சிரித்தார்கள். கிரேன் டிரைவர் மேலிருந்து விசிலடித்தார். "போடா மாப்ளே, உன் வேலையைப் பாரு" என்றார் அவர், காது சிவந்து. மாடியில் அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

ஒரு மாதம் ஆறு வாரமானது. இரண்டு தடவை தூள் சூடேறியது, இரண்டு தடவையும் அவள் ஜன்னலை அறைந்து மூடினாள், இரண்டு டிரம்மும் திரும்பிப்போனது. ஏற்பாடு நன்றாகவே நடந்தது. நன்றாக நடந்ததுதான் வினையாகப் போயிற்று. டாக்டரிடம் போவது தள்ளிக்கொண்டே வந்தது.

தம்பி அவர்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தான். அம்மா போன பிறகு பன்னிரண்டு வயதிலிருந்து அவளிடம் வளர்ந்தவன். தினமும் ஒரே மேசையில் சாப்பாடு. அவனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நாலைந்து தடவை வாயைத் திறந்தாள். எதிரே அவர் தட்டைப் பார்த்துக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அவள் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்பாள். அவனும், "போடுக்கா, அப்பதானே பேருக்கேத்த மாதிரி மூட்டை ஆவேன்" என்பான்.

அன்று முற்பகலில் ஆறு டிரம் போயிருந்தது. ஆறும் குளிர்ச்சி. ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. அடுத்த சரக்கின் சாம்பிளைக் கருவி அளந்துகொண்டிருந்தபோது கட்டுப்பாட்டு அறையிலிருந்து மேலாளர் கூப்பிட்டார். காலையில் நாற்பது நிமிடம் மீத்தேன் அழுத்தம் குறைந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார்களாம்.

"அக்கா, கார்பன் எவ்வளவுன்னு வந்துடுச்சா?"

"இப்ப வந்துடும் சார்."

"காகிதத்தோட நேர்ல வாங்க. உடனே."

கருவி சீட்டைத் துப்பியது. மூன்று புள்ளி எட்டு. அவள் ஒரு தடவை பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள், சீட்டைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். நீளமான நடைபாதை, இரண்டு படிக்கட்டு. மூச்சு வாங்க உள்ளே நுழைந்து, "சார், இது பாதிக்குப் பாதி பச்சை. ஒரு டிரம்கூட மேடையை விட்டு நகரக் கூடாது" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சரியான நேரத்தில் சரியானதைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. மேலாளர் மேடைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு ஜன்னல் ஞாபகம் வந்தது.

கீழே நடந்தது இதுதான். ஏழாவது டிரம் வந்தது. அவர் ஒரு கரண்டியைக் கையில் கொட்டினார், ஒரு கரண்டியைக் குழாயில் அனுப்பினார். பாட்டில் ஆளில்லாத அறையில் போய் விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தபடி எண்ணினார். அவருடைய உள்ளங்கையில் தூள் சூடேறிக்கொண்டிருந்திருக்க வேண்டும், பின்னால் பார்த்தபோது அங்கே கறுப்பாகத் தீய்ந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. அறுபது வந்ததும், "குளிர்ச்சி" என்றார். "ஆஹா, அக்கா தரிசனம் ஆச்சா?" என்று சொல்லிக்கொண்டே மூட்டை டிரம்மைத் தள்ளிக்கொண்டு போனான்.

பெரிய வெடிச்சத்தம் ஒன்றும் இல்லை. சமையலறையில் அடுப்புப் பற்றும்போது வருமே, 'பொக்' என்று, அந்தச் சத்தம்தான், ஓர் அறை முழுக்க. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அது கேட்டதோ இல்லையோ, அவளுக்குக் கேட்டது. பிறகு சைரன் ஊதியது.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது நாள். தலையிலிருந்து இடுப்புவரை கட்டு, இரண்டு கையும் கட்டுக்குள். வாயும் ஒரு கண்ணும் மட்டும் வெளியே தெரிந்தன. இடுப்புக்குக் கீழே மட்டும் எப்போதும்போல அவனேதான், அந்த நீளமான கொக்குக் கால்கள். டாக்டர் முந்தின நாளே அவளை வெளியே கூப்பிட்டு, "பக்கத்துலயே இருங்க, வலி இல்லாமப் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். தனி அறைக்கு மாற்றி, கருவிகளையெல்லாம் கழற்றிவிட்டார்கள். மருந்து ஏறும் குழாய் ஒன்றுதான் மிச்சம்.

அவர் கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மச்சினனின் வலது பாதத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்திருந்தார். சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை, முகத்தைப் பார்க்கவும் தைரியமில்லை. தன் கையில் போட்டிருந்த கட்டைக்கூட அவிழ்த்து எறிந்துவிட்டார்.

"அக்கா" என்றான் மூட்டை. குரல் காகிதம் கிழிவதுபோல வந்தது.

"இங்கதாண்டா இருக்கேன்."

"நைட்ரஜன் வால்வை நான் முழுசாத் திறக்கல போலிருக்குக்கா."

"பேசாம இருடா. அலட்டிக்காத."

"இல்லக்கா. மாமா குளிர்ச்சின்னாரு. மாமா கை சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அப்போ தப்பு என்னுதுதானே? திறந்தேனா இல்லையான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரல."

இரண்டு நாளாக இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். மருந்து மயக்கத்தில் தூங்குவான், விழித்ததும் வால்வு. அவள் அவரைப் பார்த்தாள். அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. கடவுளே, சொல்லித் தொலைக்கலாமே, நீங்களாவது, நானாவது! சொன்னால் அவன் தங்களை எப்படிப் பார்ப்பான் என்ற பயம். சாகப்போகிற பிள்ளையிடம்கூட நல்ல பெயர் வாங்கப் பார்த்த அந்தப் பயத்தை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரி வந்தார். தணிந்த குரலில் பேசும் மனிதர். மூட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். வால்வைத் தான் சரியாகத் திறக்கவில்லை, மாமா சோதித்துத்தான் அனுப்பினார், வேறு யார்மேலும் தப்பில்லை. அதிகாரி எழுதி, வாசித்துக் காட்டினார். இரண்டு கையும் கட்டுக்குள் இருந்ததால் கைநாட்டுக்குப் பதில் கால் பெருவிரலில் மை தடவிப் பதிய வேண்டியிருந்தது. "கொஞ்சம் விடுங்க சார்" என்று அதிகாரி கேட்டபோதுதான் உள்ளங்கைக்காரர் அந்தப் பாதத்தை விட்டார். பதிந்து முடிந்ததும் திரும்பப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி கிளம்பிப் போனார். அந்தக் காகிதம் கதவைத் தாண்டியதும் அவளுக்கு என்னவோ ஆயிற்று. எழுந்து நடைபாதையில் ஓடி, லிப்ட் அருகில் அவரைப் பிடித்தாள்.

"சார், அதைக் கிழிச்சுடுங்க. அது பொய்."

"அவர் பொய் சொல்றாரா?"

"அவன் பொய் சொல்லல சார், அவனுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்."

அங்கிருந்த பெஞ்சில் உட்காரவைத்து, நிதானமாக எழுதித் தரச் சொன்னார். அவள் எழுதினாள். பால் பாத்திரம், ஊக்கு, ஐந்து பொட்டு, காற்றுக்குழாய், ஜன்னல். யோசனை என்னுடையது என்று எழுதி அடிக்கோடு போட்டாள். இரண்டு பக்கம். முதலில் இந்தப் பொய் கட்டடத்தை விட்டுப் போகாமல் தடுத்துவிட வேண்டும், அப்புறம் உள்ளே போய், "அழிச்சுட்டேண்டா, உன் தப்பு இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிடலாம் என்பது அவள் நினைப்பு. எழுத எழுத மனசு லேசானது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. காகிதம் எங்கே ஓடிப்போகப்போகிறது? முதலில் அவனிடம் போயிருக்கலாம்.

கதவைத் திறந்ததும் அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா வா. இப்பதான் கண்ணசந்தான்."

அவள் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்து குனிந்தாள். அந்த ஒரு கண் மூடியிருந்தது. தூங்கினாலும் பரவாயில்லை, காதில் விழட்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் பேசினார், பாதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நானே சொல்லிட்டேன். நீ போனதும் சொல்லிட்டேன். எல்லாத்தையும். கை மரத்துப்போனது, ஜன்னல், எல்லாம். வால்வை நீ சரியாத்தான் திறந்தே மாப்ளே, தப்பு என்னுதுன்னு காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்."

"என்ன சொன்னான்? ஏங்க, அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. கோவமா இருக்கும். இருக்காதா பின்னே? கொஞ்ச நேரத்துல முழிப்பான், அப்பவும் கேக்கறேன். அவன் செருப்பால அடிச்சாக்கூட வாங்கிக்கறேன்."

அவள் கட்டிலைச் சுற்றிக் கால்மாட்டுக்கு வந்தாள். அவருடைய உள்ளங்கைகளுக்கு நடுவில் இருந்த பாதத்தின்மேல் தன் கையை வைத்தாள். பெருவிரலில் இருந்த மை அவர் கையெல்லாம் ஒட்டியிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. பழக்கதோஷம், மனசு பாட்டுக்கு எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அறுபதுவரை போகத் தேவை இருக்கவில்லை.

"ஏங்க" என்றாள். "கால் ஆறிப்போச்சுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். இன்னும் இறுக்கிப் பிடித்தார், தேய்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கன்னத்துக்குத் தெரிந்துவிட்டது.

"நான் சொன்னப்போ சூடா இருந்துச்சா?" என்று அவர் அவளைக் கேட்டார்.